மலர் மருந்தும் மனத்தின் முறையீடும்

 

அண்மைக் காலமாக நம் பகுதி முஸ்லிம் இல்லங்களில் மலர் மருந்து என்னும் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் ஹோமியோபதி மருந்துக் கடைகளில் இது சிறு குப்பிகளில் துளிகளாகவும் வெண்ணிறச் சர்க்கரை உருண்டைகளாகவும் கிடைக்கிறது. தேர்வென்றால் நடுங்கும் பிள்ளைக்கு ஒரு மலர். எதற்கெடுத்தாலும் சீறும் கணவருக்கு ஒரு மலர். புகுந்த வீட்டில் வாய் திறவாமல் உள்ளுக்குள் புழுங்கும் மருமகளுக்கு ஒரு மலர். தன் இறகைத் தானே பிய்த்துக்கொள்ளும் கூண்டுக்கிளிக்கும், வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்கடியில் ஒளியும் பூனைக்கும்கூட அதே குப்பியிலிருந்து சில துளிகள் கொடுக்கப்படுகின்றன.

மக்தபுக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் தாய்மார்கள் இதைப் பற்றி நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஹஜ்ரத், இது ஹலாலா?"

அது நியாயமான கேள்வி. மார்க்கப் பேணுதல் உள்ள குடும்பம் முதலில் அதைத்தான் கேட்கும். ஆயினும் அதனோடு இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே விடை காண வேண்டும். இது உண்மையில் பலன் தருகிறதா என்பது ஒன்று. இதைக் கொடுத்துவிட்டு நாம் எதை விசாரிக்காமல் விடுகிறோம் என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வியே நம் குடும்பங்களுக்கு மிக அவசியமானது என்பது நம் கருத்து.

மலர் மருந்து வந்த வழி

இம்முறையை உருவாக்கியவர் எட்வர்ட் பாக் என்னும் ஆங்கில மருத்துவர். 1886ஆம் ஆண்டு பர்மிங்காம் அருகே பிறந்தவர். லண்டனில் மருத்துவம் பயின்று, நுண்ணுயிரியல் ஆய்வாளராகப் பணியாற்றி, 1919இல் லண்டன் ஹோமியோபதி மருத்துவமனையில் சேர்ந்தவர். 1928 முதல் 1935 வரையிலான ஆண்டுகளில் காட்டிலும் மேட்டிலும் பூத்த மலர்களைக் கொண்டு 38 மருந்துகளை வகுத்தார். 1936 நவம்பரில் காலமானார்.

நோய்க்கு மூலம் உடலில் இல்லை, ஆன்மாவுக்கும் மனத்துக்கும் இடையிலான பிணக்கில்தான் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. மனிதரின் மனநிலைகளை அச்சம், உறுதியின்மை, நிகழ்காலத்தில் நாட்டமின்மை, தனிமை, பிறர் சொல்லால் எளிதில் பாதிக்கப்படுதல், விரக்தி, பிறர் நலன் குறித்த அளவுமீறிய கவலை என ஏழாகப் பிரித்தார். ஒவ்வொன்றின் கீழும் சில மருந்துகளை அடுக்கினார். துயரத்தைச் சிரிப்பால் மறைப்பவருக்கு ஒன்று. பழைய நினைவிலேயே வாழ்பவருக்கு ஒன்று. ஒரே எண்ணம் மனத்தில் சுழன்று சுழன்று வருபவருக்கு ஒன்று. பொறுமையற்றவருக்கென அவர் தேர்ந்த செடி, இமயமலையிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ஒரு வகைக் காசித்தும்பை. நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் காசித்தும்பையின் உறவு. அதிர்ச்சி வேளைக்கென ஐந்து மலர்களைச் சேர்த்த கலவையே 'ரெஸ்க்யூ ரெமெடி' என்னும் பெயரில் உலகெங்கும் விற்பனையாகிறது.

செய்முறையும் எளியதே. மென்மையான மலர்களை ஊற்று நீர் நிறைந்த கண்ணாடிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டு மூன்று மணி நேரம் வெயிலில் வைப்பர். கடினமான தளிர்களையும் கிளைகளையும் அரை மணி நேரம் நீரில் கொதிக்க வைப்பர். பின் மலரை நீக்கி, அந்நீரோடு சம அளவு பிராந்தி சேர்ப்பர். அதிலிருந்து இரண்டு துளிகளை எடுத்து 30 மில்லி பிராந்தியில் கலந்தால் கடைக்கு வரும் மருந்து தயார். ஆகவே மலரின் சாரமென்று அளந்து காட்டத்தக்க பொருள் எதுவும் அதில் இருப்பதில்லை. மலரின் 'ஆற்றல்' நீரில் பதிந்திருக்கிறது என்பதே இம்முறையாரின் நம்பிக்கை. 38இல் ஒன்று மலரே அன்று. பாறையிடுக்கில் சுரக்கும் ஊற்று நீர் மட்டுமே.

ஹலாலா என்னும் கேள்வி

மேற்கண்ட செய்முறையிலேயே முதல் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது. பிராந்தி என்பது திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த பானம். ரெஸ்க்யூ ரெமெடியின் வழக்கமான குப்பியில் 27 விழுக்காடு ஆல்கஹால் என்று அதன் மேலுறையிலேயே அச்சிடப்பட்டு வந்திருக்கிறது. நம் பகுதியில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். திராட்சையிலிருந்தும் பேரீச்சையிலிருந்தும் வராத, தொழிற்சாலையில் தயாராகும் ஆல்கஹாலை மருந்திலும் நறுமணத்திலும் கலப்பது குறித்து ஹனஃபி அறிஞர்களில் பலர் சலுகை காட்டியுள்ளனர். ஆனால் திராட்சை மதுவிலிருந்து வடித்த பிராந்திக்கு அச்சலுகையைப் பொருத்த வழியில்லை. அது எல்லா மத்ஹபுகளின்படியும் விலக்கப்பட்ட கம்ரின் வழி வந்ததாகும்.

மருந்துக்காக மது தயாரிக்கிறேன் என்று கூறிய தாரிக் பின் சுவைத் (ரலி) அவர்களிடம், அது மருந்தாகாது, நோயே ஆகும் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நிர்ப்பந்த நிலையில் விலக்கப்பட்ட பொருளை மருந்தாகக் கொள்ளலாமா என்பதை ஃபிக்ஹு அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அனுமதித்தவர்களும் இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தனர்: அம்மருந்தால் குணம் கிடைக்கும் என்பது நம்பகமான மருத்துவரின் கூற்றால் உறுதிப்பட வேண்டும்; அதற்கு ஈடான ஹலாலான மாற்று இல்லாதிருக்க வேண்டும். மலர் மருந்தைப் பொறுத்தவரை முதல் நிபந்தனையே நிறைவேறவில்லை என்பதைக் கீழே காண்போம்.

ஆல்கஹாலுக்குப் பதிலாகக் கிளிசரின் சேர்த்த வகைகளும் சந்தையில் உள்ளன. செல்லப்பிராணிகளுக்கான கலவை அவ்வாறே விற்கப்படுகிறது. சர்க்கரை உருண்டைகளில் துளியைத் தெளித்து உலர்த்தும்போது ஆல்கஹால் ஆவியாகிவிடுகிறது என்று கடைக்காரர்கள் கூறுவர். கிளிசரின் வகை பொருளளவில் ஆகுமானதாக இருக்கலாம். உருண்டையைப் பற்றி உங்கள் மஹல்லா ஆலிமிடம் பொருளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஹலால் என்று ஆகிவிட்டாலே ஒன்று பயனுள்ளது என்று ஆகிவிடாது. வெறும் சர்க்கரையும் ஹலால்தான்.

பலன் தருகிறதா?

நோய்க்கு மருத்துவம் தேடுங்கள் என்பது நபிவழி. முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான் என்னும் கருத்து ஹதீஸ்களில் வருகிறது. எது மருந்து என்பதைச் சோதித்து அறிவது நம் பொறுப்பு.

மலர் மருந்து சோதிக்கப்படாத ஒன்றன்று. 2001இல் வெளியான ஜெர்மானிய ஆய்வொன்றில், தேர்வச்சம் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு மலர் மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுள்ள மருந்தில்லாத் துளியும் தரப்பட்டன. யாருக்கு எது தரப்பட்டது என்பது தருபவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. இரு பிரிவினருக்குமே அச்சம் குறைந்தது. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு காணப்படவில்லை. கவனக்குறைவும் பரபரப்பும் மிகுந்த 40 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்விலும் முடிவு அதுவே. மாற்று மருத்துவங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்னும் பேராசிரியர் இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி 2010இல் வெளியிட்ட மதிப்பாய்வும், மலர் மருந்து மருந்தில்லாத் துளியைவிடக் கூடுதலாக எதையும் செய்வதாக நிறுவப்படவில்லை என்றே முடித்தது. நம் நாட்டிலும் ஆயுஷ் அமைச்சகம் ஏற்றுள்ள ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, சோவா ரிக்பா, ஹோமியோபதி ஆகியவற்றின் வரிசையில் மலர் மருத்துவம் தனியொரு முறையாக இடம்பெறவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்தில்லாத் துளி பெற்றவர்களுக்கும் அச்சம் குறைந்தது. ஆகவே, 'எனக்குக் குணமானது' என்று சொல்லும் சகோதரி பொய் சொல்லவில்லை. குணமாக்கியது எது என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

மலர் மருத்துவம் பார்ப்பவரிடம் செல்பவர் என்ன பெறுகிறார்? எதிரில் ஒருவர் அரை மணி நேரம் அமர்ந்து கேட்கிறார். எதைக் கண்டு அஞ்சுகிறீர்கள்? இரவில் எந்த நினைப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது? கோபம் வந்தால் கத்துவீர்களா, உள்ளுக்குள் அடக்குவீர்களா? யாருடைய சொல் உங்களை அதிகம் புண்படுத்துகிறது? இருபது ஆண்டு இல்லற வாழ்வில் ஒருவரும் கேட்டிராத கேள்விகளை, முன்பின் தெரியாத ஒருவர் கேட்கும்போது கண் கலங்கிவிடுகிறது. நெஞ்சின் பாரம் இறங்குகிறது. இறங்கிய பாரத்தின் புகழ் குப்பிக்குப் போய்ச் சேர்கிறது. மனநிலையைக் கூர்ந்து கவனித்து, அதற்கொரு பெயர் சொன்னது எட்வர்ட் பாக்கின் தகுதியே; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கவனிப்பைக் காசு கொடுத்து வெளியே பெற வேண்டிய நிலையில் நம் வீடுகள் இருப்பதுதான் கவலைக்குரியது.

நம் மரபில் மனத்தின் மருத்துவம்

துயரப்படுவது ஈமானின் குறைபாடு என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். மனம் சோர்ந்தவரிடம், தொழுகையைச் சரியாகப் பேணினால் இதெல்லாம் வருமா என்று கேட்டு வாயை அடைத்துவிடுகின்றனர். யஃகூப் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் நபி. மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரில் அவர்களுடைய கண்கள் வெளுத்துப்போயின என்று குர்ஆன் கூறுகிறது. தம் சிறு மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் விட்டார்கள். நபிமார்களுக்கு வந்த துயரம் நம் பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் வந்தால் அதை எப்படிக் குறை சொல்வது?

ஆறுதலுக்கான வழிகளையும் மார்க்கம் காட்டியிருக்கிறது. கோபம் வந்தால் நிற்பவர் அமரவும், அடங்காவிட்டால் படுக்கவும், உளூச் செய்யவும் நபிமொழிகள் கற்றுத் தருகின்றன. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவை நம் மக்தப் பிள்ளைகளும் மனப்பாடமாக அறிவர். ஆயிஷா (ரலி) அவர்கள் இறப்பு நேர்ந்த வீட்டில் கூட்டம் கலைந்து, குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியபின் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் சொல்வார்கள் என்றும், அது துயருற்ற உள்ளத்துக்கு இதமளிக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொல்வார்கள் என்றும் ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். வாற்கோதுமையின் சத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். எல்லாரும் எழுந்து சென்றபின் சூடான கஞ்சியோடு உடனிருந்தவர்களைப் பற்றியும் நாம் பேச வேண்டும்.

மனத்தைத் தனியே ஆராய்ந்த அறிஞர்களும் நம்மிடையே வாழ்ந்தனர். பல்கு நகரத்தருகே ஏறத்தாழ 850இல் பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்), உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்குமாக இரு பகுதிகள் கொண்ட நூலை எழுதினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் என்னும் நான்கையும் தனித்தனியே எடுத்து விளக்கினார். திடீர் நோய்க்கெனச் சில மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியாக உள்ள வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து வைத்து, கொந்தளிக்கும் வேளையில் அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று அறிவுறுத்தினார். ரெஸ்க்யூ ரெமெடிக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்ட முதலுதவி இது. இதற்குப் பிராந்தியும் வேண்டியதில்லை.

ஒட்டகத்தின் முறையீடு

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருவோம். அதற்கு அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சியே வழிகாட்டி.

நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நுழைந்தார்கள். அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டதும் முனகியது. அதன் கண்களில் நீர் வழிந்தது. நபியவர்கள் அருகில் சென்று அதன் காதுப்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். அது அமைதியடைந்தது. அத்தோடு அவர்கள் சென்றுவிடவில்லை. இதன் உரிமையாளர் யார் என்று விசாரித்தார்கள். வந்து நின்ற இளைஞரிடம், இந்த வாயில்லாப் பிராணியின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்ச வேண்டாமா என்றும், தன்னைப் பட்டினி போட்டு அளவுமீறி வேலை வாங்குவதாக அது தம்மிடம் முறையிட்டது என்றும் கூறினார்கள்.

இதில் இரண்டு செயல்கள் உள்ளன. தடவிக் கொடுத்தது ஆறுதல். உரிமையாளரை அழைத்தது விசாரணை. மலர்க் குப்பியின் குறை, அது வேலை செய்யவில்லை என்பதோடு நிற்கவில்லை. வேலை செய்வதாகவே வைத்துக்கொண்டாலும், அது முதல் செயலோடு நின்றுவிடுகிறது. அழுகையை ஒரு முறையீடாக ஏற்று, யாரால், எதனால் என்று கேட்பதற்கு அது வழிவிடுவதில்லை.

நம் மண்ணைப் பாருங்கள். நாமக்கல் கோழிப்பண்ணைகளின் மாவட்டம். பல பண்ணைகளில் முட்டையிடும் கோழியொன்றுக்குக் கிடைக்கும் இடம் ஓர் ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும் பழக்கம் கோழிகளுக்கு வருவதற்கு நெரிசல், அளவுமீறிய வெளிச்சம், சித்திரை வெயிலின் புழுக்கம், தீவனத்தில் சத்துக்குறை, பேன் தொல்லை என்று காரணங்கள் தெளிவாக அறியப்பட்டுள்ளன. கொத்துவதைத் தடுக்க அலகை வெட்டுகிறார்கள். தண்ணீரில் எந்தத் துளியைக் கலந்தாலும் கூண்டு அகலப் போவதில்லை. கோழிகளுக்கான இடவசதி பற்றி இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆம் அறிக்கையில் பரிந்துரைகளை அளித்தது. பண்ணை நடத்துவோர் நம் சமுதாயத்திலும் உண்டு. முட்டை உண்போர் நாம் அனைவரும். அந்த விசாரணை நம்மையும் சேர்த்தே அழைக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரியொன்று நாமக்கல்லிலேயே இருக்கிறது. பண்ணையாளர்கள் காரணம் தேடிச் செல்ல வெகுதூரம் போக வேண்டியதில்லை.

கூண்டுக்கிளி இறகைப் பிய்த்துக்கொள்கிறது என்றால், கூட்டமாகப் பறந்து வாழப் படைக்கப்பட்ட பறவை தனிமையில் வாடுகிறது என்று பொருள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். குஞ்சுகளை எடுத்துவிட்டதால் சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்டபோது, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். அதுவே அப்பறவைக்கான மருந்தாயிற்று. குர்பானிக்கென மேச்சேரிச் சந்தையிலிருந்து ஆடு வாங்கி வருவோர் அதை வெயிலில் நெருக்கி ஏற்றாமல், வழியில் தண்ணீர் காட்டி, அதன் கண்முன்னே கத்தி தீட்டாமல் இருப்பதும் இந்த ஒழுக்கத்தைச் சேர்ந்ததே.

விலங்குக்கு நம்பிக்கையால் குணமாக வழியில்லையே, அதற்குக் குணமானால் மருந்து உண்மைதானே என்று சிலர் கேட்பதுண்டு. குணமானதாகச் சொல்வது விலங்கன்று, வளர்ப்பவர். 2012இல் வெளியான ஆய்வொன்றில், மூட்டுவலியால் நொண்டும் நாய்களில் ஒரு பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரை கொடுக்கப்பட்டது. கால் ஊன்றும் விசையைக் கருவியால் அளந்தபோது முன்னேற்றம் காணாத நாய்களில் பலவற்றை, நன்றாக நடக்கின்றன என்று வளர்ப்பவர்களும் மருத்துவர்களும் மதிப்பிட்டிருந்தனர். அன்பு சில வேளைகளில் கண்ணை மறைக்கும். அதனால் துன்பப்படுவது வாயில்லாப் பிராணியே.

நம் வீட்டு முறையீடுகள்

ஒட்டகத்தை விசாரித்த வழியில் நம் வீட்டை விசாரிப்போம்.

நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களின் விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழகம் முழுவதிலுமிருந்து பிள்ளைகள் வருகின்றனர். விடியலுக்கு முன் எழுந்து இரவு வரை படிப்பு. பெற்றோர் பார்க்க வரும் நாளில் சிலர் மலர் மருந்துக் குப்பியையும் கொடுத்துச் செல்கின்றனர். பிள்ளை நகம் கடிக்கிறது, சாப்பாட்டைத் தள்ளுகிறது, ஊருக்குப் போக வேண்டும் என்று அழுகிறது. அப்பிள்ளை என்ன சொல்கிறது? மதிப்பெண் குறைந்தால் வீட்டில் தனக்கு இடமுண்டா என்று கேட்கிறது. அதற்கு விடையளிக்க வேண்டியவர் தந்தை. எந்த மலராலும் அவருக்குப் பகரமாக அதைச் சொல்ல முடியாது.

திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளோடு மாதக்கணக்கில் வடமாநிலம் செல்லும் ஆண்கள் உண்டு. லாரி ஓட்டுநர்கள் உண்டு. வளைகுடாவில் இருப்போர் உண்டு. தூக்கத்தையும் தனிமையையும் விரட்ட அவர்களில் சிலர் புகையிலைக்கும் பாக்குக்கும் பழகிவிடுகின்றனர். வீட்டில் இருக்கும் மனைவியோ பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மருந்து, வட்டிக்காரரின் தொலைபேசி ஆகிய அனைத்தையும் தனியே தாங்குகிறாள். அவளுக்குப் படபடப்பு வந்தால் அது அவள் குணக்குறையா? சுமையைப் பகிராமல் துளியை மட்டும் கொடுப்பது, ஒட்டகத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு மீண்டும் பாரம் ஏற்றுவது போன்றதே.

மதரஸாவும் இந்த விசாரணைக்கு விலக்கன்று. ஓதலில் திக்கும் பிள்ளையும், படுக்கையை நனைக்கும் விடுதிப் பிள்ளையும் பிரம்பின் அச்சத்தைச் சுமந்திருக்கலாம். வேறு யாராலேனும் துன்புறுத்தப்பட்டிருக்கலாம். அப்பிள்ளை மனம்விட்டுப் பேசத்தக்கவர்களாக உஸ்தாதுகள் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கான 1098 என்னும் உதவி எண் ஒவ்வொரு மதரஸாவின் சுவரிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைர் சிறு பிள்ளை. அவர் வளர்த்த குருவி இறந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் அவரைச் சிறப்புப் பெயரால் அழைத்து, அந்தக் குருவி என்னவாயிற்று என்று கேட்டார்கள். ஒரு சமுதாயத்தின் பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைப் பற்றிக் கேட்க நேரம் இருந்தது. கைப்பேசியைக் கீழே வைக்க நமக்கு நேரமில்லை.

தள்ளிப்போடுவதன் விலை

மலர் மருந்தால் பக்கவிளைவு இல்லை, கொடுத்துப் பார்ப்பதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் காலத்தில் இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கமின்மை, உணவில் வெறுப்பு, பிறருக்குக் கேட்காத குரல் கேட்பது, கை கழுவிக்கொண்டே இருப்பது, உளூவை முடிக்க முடியாமல் திரும்பத் திரும்பச் செய்வது, பிள்ளை பெற்ற தாய் குழந்தையைப் பார்க்க மறுப்பது, வாழ்வே வேண்டாம் என்று சொல்வது ஆகியவை மருத்துவரைக் காண வேண்டிய நோய்களின் அடையாளங்கள். இவற்றைக் குப்பியோடு மூன்று மாதம் கழிப்பது ஆபத்து. தாயத்தோடு மட்டும் கழிப்பதும் அதே ஆபத்துதான்.

உரிய மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதன் விலையை நம் சமுதாயம் அறியும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றிக் கருகி மாண்டனர். குணமாகும் என்று நம்பி அவ்வூருக்குக் குடும்பத்தாரால் அழைத்து வரப்பட்டவர்கள் அவர்கள். உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து அவ்விவகாரத்தை விசாரித்தது. பின்னாளில் குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் மனநல மருத்துவர்களும் தர்காப் பணியாளர்களும் இணைந்து, மருந்தும் துஆவும் என்னும் பொருள்படும் திட்டத்தைத் தொடங்கினர். அவ்வழி ஏர்வாடிக்கும் வந்தது. துஆவை விடாமல் மருந்தையும் எடுத்துக்கொள்ளலாம்; தவக்குலின் இலக்கணமே ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதுதான்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கின்றனர். 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே கிடைக்கிறது. பெயரைச் சொல்லக் கூச்சப்படுபவரும் அதில் பேசலாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பதில் வெட்கம் இல்லாதபோது, மனத்தின் நோய்க்கு உண்பதில் வெட்கம் ஏன்?

ஆகவே நம் முடிவு இதுதான். பிராந்தி சேர்ந்த மலர்த் துளிகளை விட்டுவிடுங்கள். அதற்கு நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. ஆல்கஹால் இல்லாத வகையை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், அதை மருந்தென்று நம்பி மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். ஒருவர் உட்கொண்டு வரும் மனநல மாத்திரையை அதற்காக நிறுத்தாதீர்கள். பூவை விரும்பினால் சேலத்துப் பூ மார்க்கெட்டில் குண்டுமல்லி வாங்கி வீட்டில் வையுங்கள். நறுமணத்தை விரும்புவது நபிவழி. அதன் மணத்துக்கு எவரும் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

இன்று மக்ரிபுக்குப் பின் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, வீட்டில் அதிகம் பேசாதவர் யாரோ அவரருகே அமருங்கள். அறிவுரை கூறாமல், ஆயத்தோ ஹதீஸோ சொல்லி உடனே மறுக்காமல், அவர் சொல்வதைக் கேளுங்கள். அவருடைய துன்பத்துக்கு நாமே காரணம் என்று தெரிய வந்தால், அந்த அன்ஸாரி இளைஞரைப் போல நாம்தான் முன்வந்து நிற்க வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களுக்கு அமைதியையும், நம் பொறுப்பில் உள்ள மனிதர்களுக்கும் வாயில்லா உயிர்களுக்கும் நீதி செய்யும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.